மருந்து வேலை

வாசுகியின் வலது கண்ணைக் கெடுத்தவன் நான்.

பம்பைத் திறக்கும்போது அவள்தான் கவனக்குறைவாக இருந்தாள் என்று நிறுவனத்தின் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அதை நம்ப வேண்டாம். அவள் அந்தப் பம்பைத் திறப்பதற்கு நான்கு மாதம் முன்பே, கோலாலம்பூருக்கு வடக்கே தானா ராத்தா என்ற மலைநகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு சொல்லை விளக்காமல் விட்டு நான் அந்த வேலையை முடித்துவிட்டேன்!

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் முகவர் அலுவலகத்தில் வேலை எனக்கு. 'மனிதவள அதிகாரி' என்று கழுத்தில் அட்டை தொங்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களைக் கைப்பேசியில் முகம் பார்த்து நேர்காணல் செய்வதும், அவர்கள் சொல்வதை ஆங்கிலப் படிவத்தில் ஏற்றுவதும் என் பொறுப்பு. அவர்கள் மொழியும் எனக்குத் தெரியும், துரைமார்களின் மொழியும் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன்.

எங்கள் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வாங்கியிருந்தது. களைக்கொல்லி தெளிக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும், எல்லாரும் அனுபவசாலிகளாக இருக்க வேண்டும் என்றார்கள். பதினோரு பேர் கிடைத்துவிட்டார்கள். பட்டியலில் ஒரு வரி மட்டும் காலி. அன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அந்த ஒரு வரி காலியாகப் போயிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? ஒன்றுமில்லை... மேலாளர் முகத்தைச் சுளித்திருப்பார். அவ்வளவுதான்! அந்தச் சுளிப்புக்குப் பயந்தேன் நான்.

கடைசி ஆளாகத் திரையில் வந்தவள் வாசுகி. அறந்தாங்கிப் பக்கம். கணவன் இல்லை, ஏழு வயதில் ஒரு மகள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மடியில் சான்றிதழ் உறை.

"மருந்து வேலைக்குத்தான் ஆள் எடுக்கிறோம்மா. பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் நான் பார்க்கிறேன்.

"மருந்து வேலையா சார்? நான் அஞ்சு வருஷம் மருந்துக்கடையிலதான் இருந்தேன். டாக்டர் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் படிச்சிருவேன் சார்!"

எங்கள் தோட்டங்களில் 'மருந்து' என்றால் ஒன்றுதான். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, தேயிலை வரிசைகளுக்கு நடுவே களை சாகத் தெளிக்கிற விஷம். மருந்து வேலை, மருந்துக்காரி, மருந்து நாள்... இந்தச் சொற்களோடுதான் நான் வளர்ந்தேன். என் அம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் மருந்து அடித்தவள். வேலை முடிந்து வந்தால் குளிக்கும்வரை என்னை அண்டவிடமாட்டாள். மருந்து பட்டு உதிர்ந்த அவள் வலது கைக் கட்டைவிரல் நகம் இன்றுவரை முளைக்கவில்லை. என்னைவிட அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தவன் யார்?

'அந்த மருந்து இல்லைம்மா, இது வேற' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இணைப்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றால், அதற்கும் வழியில்லை. அன்று குரல் கணீரென்று கேட்டது.

"ஆமாம்மா, மருந்து வேலைதான்" என்றேன்.

பொய் சொல்லவில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு படிவத்தில் ஆங்கிலத்தில் தட்டினேன்: களைக்கொல்லி தெளிப்பில் ஐந்தாண்டு அனுபவம். அது பச்சைப் பொய்! ஒப்பந்தத் தாளில் 'பொதுத் தொழிலாளி' என்றிருப்பதைப் பார்த்து அவள் ஏன் என்று கேட்டதற்கு, எல்லாருக்கும் அப்படித்தான் போடுவார்கள் என்று சொல்லிவிட்டு, கீழே போய் ஒரு தேநீர் குடித்தேன். அந்தத் தேநீர் எனக்கு நன்றாகவே இறங்கியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவள் என்னை அழைத்தாள். கேனில் ஒட்டியிருந்த ஆங்கில எழுத்தை அவள் படித்துவிட்டாள். மருந்துக்கடைக்காரியாயிற்றே!

"அண்ணே... இதுல விஷம்னு போட்டு மண்டையோடு படம் போட்டிருக்கு. நீங்க மருந்துன்னீங்களே?"

அவள் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நான் விழித்திருப்பேனோ என்னவோ. ஏதோ கணக்கு இடிக்கிறது, அண்ணனுக்குத் தெரியும் என்ற குரல் அது.

"இங்க இதத்தாம்மா மருந்துன்னு சொல்வாங்க. ரெண்டு மாசம் பொறுத்துக்க. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மாத்திவிடப் பேசுறேன்."

நான் யாரிடமும் பேசவில்லை. ஒரு வரி எழுதக்கூட இல்லை. அவளுக்குக் கொடுத்திருந்த வேலை அனுமதியில் வேறு முதலாளியிடம் போகவும் அவளால் முடியாது. இது எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை அழைத்து, "டிஸ்பென்சரி என்னாச்சுண்ணே?" என்று கேட்பாள். "சொல்லியிருக்கேம்மா" என்பேன். சொல்லியிருக்கிறேனாம்!

அனுபவசாலி என்று படிவம் சொன்னதால் அவளுக்குப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு காலையில் பம்பின் வாய் அடைத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் காற்றை முதலில் இறக்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். இது எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வரிசையில், வளரும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மூடுபனியில் பாதுகாப்புக் கண்ணாடி மங்கியதால் அதை நெற்றிக்குத் தூக்கிவிட்டிருந்தாள். மூடியைத் திருகினாள்...

அன்று மதியம் என் அம்மா கைப்பேசியில் அழைத்தாள். ஓய்வு பெற்ற பிறகும் அவள், வாசுகி வேலை செய்த அதே தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறாள். அலறல் கேட்டு ஓடிப்போய், வாசுகியைக் குழாயடிக்கு இழுத்துவந்து, கண்ணைப் பிரித்து வைத்துத் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான்.

"ஐயோ, நல்லா படிச்ச பொண்ணு மாதிரி இருக்குடா. காத்து இறக்கணும்னுகூட தெரியல. அனுபவம் இருக்குன்னு வேலை வாங்குற மண்டோர் சொல்றான். என்னா அனுபவம்லா அது? யாருடா இந்தப் புள்ளைய மருந்துக்கு அனுப்புனது? உங்க ஆபீசு ஆளா?"

"தெரியலம்மா... எத்தனையோ ஏஜென்சி இருக்கு" என்றேன்.

பெற்றவளிடம் சொன்னேன் அதை!

ஆனால் உங்களிடம் நான் ஒப்புக்கொள்ள வந்தது இதற்கும் பிறகு நடந்தது. இதுவரை சொன்னதைக் கோழைத்தனம் என்று நீங்கள் தள்ளிவிடலாம். இனிமேல் சொல்வதற்கு எனக்கே பெயர் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. நிறுவனத்தின் அதிகாரி கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வாசுகி எதிரே உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் கட்டு. அந்தக் கண் இனி வராது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். என்னைக் கண்டதும் தெரிந்த முகம் வந்துவிட்டதே என்று தெம்பாக நிமிர்ந்தாள்.

அதிகாரி மேசைமேல் இருந்த படிவத்தை எடுத்தார். நான் தட்டிய படிவம். களைக்கொல்லியை இவள் இதற்கு முன் கையாண்டிருக்கிறாளா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கேள்வி தெளிவாக இருந்தது. தமிழில் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. 'களைக்கொல்லி' என்றிருக்கலாம், 'விஷம்' என்றிருக்கலாம். இல்லையென்று அவள் தலையாட்டியிருப்பாள். படிவம் பொய் என்று அந்த நிமிடமே ஆகியிருக்கும். நான் மாட்டியிருப்பேன், அவள் தப்பியிருப்பாள்.

நான் அவளைப் பார்த்துக் கேட்டேன்: "மருந்துல முன்னாடி வேலை செஞ்சிருக்கியாம்மா?"

அவளுடைய ஒற்றைக் கண் பளிச்சென்று விரிந்தது.

"ஆமா சார்! அஞ்சு வருஷம் சார்!" என்று நேராக அதிகாரியிடமே சொன்னாள். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

அந்த ஐந்து விரலுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அவர் எழுதிக்கொண்டார். அனுபவமுள்ள தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு.

வெளியே வந்ததும் என் பின்னாலேயே வேகமாக வந்தாள். "அண்ணே, கடைசியில மருந்துக்கடை அனுபவத்தக் கேட்டுட்டாங்க பாருங்க! டிஸ்பென்சரியில போட்டுருவாங்கல்ல?"

"பாக்கலாம்மா" என்றேன்.

அடுத்த வாரம் விமானச்சீட்டு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏன் அப்படிக் கேட்டேன்? எத்தனையோ முறை என்னையே குடைந்து பார்த்துவிட்டேன். பயம் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லைத் தேடித் தடுமாறவில்லை நான். நாக்கு அதை ஆயத்தமாக வைத்திருந்தது. அதுதான் என்னை உலுக்குகிறது. அந்த வேலையை நான் இன்னும் விடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? டிஸ்பென்சரியில ஆள் எடுத்தா என் பேரச் சொல்லுங்கண்ணே. இடது கண்ணு நல்லாத் தெரியுது, எழுத்தெல்லாம் படிக்கிறேன். அப்புறம், அன்னைக்கு என் கண்ணக் கழுவிவிட்டாங்களே ஒரு பெரியம்மா... பேருகூடக் கேக்கல. பாத்தீங்கன்னா நான் ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க."

ஞாயிறுதோறும் லயத்துக்குப் போகிறேன். அம்மா சோறு போடுகிறாள். நகமில்லாத அந்த விரலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன். வாசுகி கேட்டதாக ஒரு வார்த்தை சொல்ல வாயெடுக்கிறேன்... சொல்வதில்லை.

சொன்னால் அம்மா கேட்பாள்: "அவள உனக்கு எப்படிடா தெரியும்?"