அக்காவுக்கு நான் கூப்பிட்ட கோஸ்தான்

அக்காவின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து, பூப்போட்டு வணங்கி, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கையில் இந்த நினைவு மலர்ப் புத்தகத்தோடு வீடு திரும்பும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அட்டைப் படத்தைப் பார்த்துச் சிலர் புருவத்தை உயர்த்தியிருப்பீர்கள். லோரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படத்தையா நினைவு மலருக்குப் போடுவார்கள் என்று எங்கள் சித்தப்பாவே கேட்டார். வேறு படம் இல்லாமல் இல்லை. கல்யாணப் படத்தில்கூட அக்கா இப்படிச் சிரிக்கவில்லை, அதனால் இதையே போட்டுவிட்டோம்.

அக்கா பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். நான் நடக்கப் பழகும் முன்பே அம்மா தவறிவிட்டார். அப்பா விடியுமுன் பழம் வெட்டப் போய்விடுவார். எனக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளி பஸ் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அக்காதான். படிவம் மூன்றோடு தன் படிப்பை நிறுத்திக்கொண்டார். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான் படித்து ரவாங்கில் அலுவலக எழுத்தர் வேலைக்குப் போனபோது, "எங்க வீட்டு கிராணி வந்துட்டாங்க, நாற்காலி போடுங்க" என்று கேலி மட்டும் செய்வார்.

அத்தானுக்குச் சொந்தமாக ஒரு லோரி இருந்தது. ஈஜோக் பக்கத்துச் சிறு தோட்டங்களில் செம்பனைப் பழம் ஏற்றி எண்ணெய் ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவார். அவருக்குக் கூடமாட உதவியாக லோரியில் போனவர் அக்கா. சேற்றுப் பாதையில் லோரி பின்னால் வரவேண்டிய இடங்களில் இறங்கி நின்று, கையை ஆட்டி, "கோஸ்தான்... கோஸ்தான்..." என்று குரல் கொடுப்பார். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு நம் ஊரில் இதைவிட்டால் வேறு சொல் யார் வாயில் வருகிறது? தமிழாசிரியர் வீட்டுக் காரும் கோஸ்தான்தான் போகிறது. அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளையில்லை. அந்த லோரியைத்தான் இருவரும் பிள்ளை மாதிரி குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்தார்கள்.

சர்க்கரை நோயால் அத்தானின் கண் மங்கியது. இனி லோரி ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பழக்கமான தவுக்கே, சீன முதலாளி ஒருவர், லோரியை வாங்கிக்கொள்ளத் தயாராக வந்து நின்றார். அத்தானும் தலையாட்டிவிட்டார். அப்போதுதான் அக்கா, தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டே, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "நான் லைசென்ஸ் எடுத்துப் பாக்குறேனே. கெடைக்கலன்னா அப்புறம் வித்துக்குங்க."

"காரு வேற, லோரி வேற லா," என்றார் அத்தான்.

"தெரியும். இத்தன வருசமா பின்னால நின்னு பாத்தவ நான்தான?"

தவுக்கே சிரித்துக்கொண்டே, பரீட்சை முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா பாஸாகாவிட்டால் லோரி போய்விடும். அத்தான் அதன் பிறகு யாரிடமும் அதிகம் பேசவில்லை.

புஞ்சாக் ஆலாம் போகும் வழியில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் அக்கா சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். அங்கே பழகியது போதாமல், ஞாயிறு காலைகளில் ஆலை நண்பர் ஒருவர் எங்கள் லோரியை ஓட்டிவர, தெரிந்தவர் ஒருவருக்குச் சொந்தமான, ஈயம் தோண்டி முடிந்த பழைய லம்பத்து மணல் திடலுக்குப் போவோம். அந்த ஞாயிறுகள் நிஜமாகவே நடந்தனவா என்று எனக்கு இப்போதும் சந்தேகம் வரும். வெள்ளை மணல். சுற்றிலும் அசையாத நீலக் குட்டைகள். அப்பால் பனி விலகாத செம்பனை வரிசைகள். மணலில் குச்சிகளை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தோம். அத்தான் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, கியர் விழும் சத்தத்தை வைத்தே சரி, தப்பு சொல்வார். நான் பின்னால் நின்று கூப்பிடுவேன்.

என் குரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். கல்யாண வீட்டில் மைக் பழுதானால் என்னைத்தான் தேடுவீர்கள். நான் "கோஸ்தான்" என்று கத்தினால் குட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொக்குகள் எழுந்து பறக்கும். லோரி மெல்ல, மிக மெல்ல என்னை நோக்கி வரும். மணலில் டயர் உருளும் ஓசைகூடக் கேட்காது. அந்தப் பெரிய கண்ணாடியில் அக்காவின் கண்கள் மட்டும் தெரியும்.

ஒருநாள் இறங்கி வந்து சொன்னார்: "கோஸ்தான் எடுக்குறப்ப கனவு மாதிரி இருக்குடி. மரம், தண்ணி எல்லாம் தானா நகருது. கண்ணாடில நீ ரொம்ப சின்னதா தெரியுற. பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிப்பியே, அந்தளவுக்கு."

"அப்படியே பஸ்ஸுனு நெனச்சு என் மேல ஏத்திடாத," என்றேன்.

அந்த நாள்களில் அக்கா தூக்கத்திலும் லோரி ஓட்டினார். மத்தியானம் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது அவருடைய இடது கால் தானாக ஒரு மிதி மிதிக்கும், பிறகு மெதுவாக விடும். "கிளட்ச்சு," என்று அத்தான் உதட்டசைவில் சொல்வார். நாங்கள் இருவரும் சத்தம் வராமல் சிரிப்போம்.

முதல் பரீட்சையில் நடந்ததை நம் குடும்பத்தில் தெரியாதவர் இல்லை. அக்கா அழகாகப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். நிறுத்த வேண்டிய கோடும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே இளநீர் வேன் ஒன்று நிறுத்த இடம் தேட, யாரோ ஒருவர், "கோஸ்தான்... கோஸ்தான்... லாகி, லாகி!" என்று கூவினார். இன்னும் வா என்கிறார்களே என்று அக்காவும் இன்னும் வந்தார். மஞ்சள் கம்பம் சாய்ந்தது. அதிகாரி தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து நாங்கள் சிரித்த சிரிப்பில் அக்காவும் சேர்ந்துகொண்டார். பிறகு சமையலறைக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

தவுக்கேயிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டது அத்தான்தான். பயிற்சி நிலையத்தின் சிக்கு, அதாவது அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த மலாய்க்கார ஆசிரியர், என்னைத் தனியே அழைத்தார். "அடுத்த ஞாயிறிலிருந்து நீங்கள் கூப்பிடக் கூடாது. காக் காதால் ஓட்டுகிறார், கண்ணாடியால் ஓட்ட வேண்டும்," என்று மலாயில் சொன்னார். காக் என்றது அக்காவைத்தான். வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கு என்ன லேசான காரியமா? துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் லோரி கோணலாகப் போய் எல்லாக் குச்சியையும் சாய்த்தது. கொக்குகள் எழாமல் நின்று வேடிக்கை பார்த்தன. பிறகொரு காலையில் லோரி சத்தமில்லாமல் வந்து, துணி கட்டிய இரண்டு குச்சிகளுக்கும் நடுவே, ஒன்றையும் தொடாமல் நின்றது.

இரண்டாவது பரீட்சையின்போது வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லோரி பின்னால் வரத் தொடங்கியதும் கண்ணாடியில் பார்த்தேன். அக்காவின் உதடுகள் அசைந்தன. சத்தமே இல்லாமல் தனக்குத்தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் உதடுகளும் அசைந்தன. கோட்டில் வந்து நின்றது லோரி.

"லுலூஸ்!" என்று சிக்கு கையை உயர்த்தினார். பாஸ் என்று காதில் விழுந்த பிறகுதான் நான் மூச்சுவிட்டேன். பிறகு கத்திய கத்தலை அந்த வட்டாரமே கேட்டிருக்கும்.

சரக்கு ஏற்றுவதற்கான வகுப்பையும் முடித்து, அக்கா முதன்முதலில் வேலைக்கு லோரி எடுத்த காலையில், முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். கற்பூரம் காட்டியதும் அக்கா பழக்கதோஷத்தில் கோஸ்தான் கியரைப் போட்டு ஜம்மென்று பின்னால் போய்விட்டார். பழம் நசுங்காமல் மண்ணில் கிடந்தது. "இனிமே பின்னாலயும் ஒன்னு வைக்கணும் போல," என்றார் அத்தான். வெகு நாளைக்குப் பிறகு அவர் செய்த கேலி அது.

அதன் பிறகு அக்கா ஓட்டாத பாதை இல்லை. பனி மூடிய காலையில் கோலா சிலாங்கூர் பக்கம் போய்விட்டு வந்தால், கடல் காற்று லோரிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது என்பார். அத்தானைப் பக்கத்தில் உட்காரவைத்து, வழியில் தெரிவதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். மங்கிய கண்ணுக்கு அது போதுமாக இருந்தது. யாரையும் முந்தமாட்டார், யாரையும் திட்டமாட்டார். வழியில் நின்றுபோன வண்டியைக் கண்டால் நிறுத்தாமல் போகமாட்டார்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது மிகவும் பிந்திவிட்டது. மருத்துவமனைக் கட்டிலிலும் தூக்கத்தில் இடது கால் மெல்ல மிதித்தது, பிறகு விட்டது. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அத்தான் அந்தப் பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். அக்கா வலியில்லாமல் எங்கோ போய்க்கொண்டிருப்பவரின் முகத்தோடு இருந்தார். அப்படியே ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், எங்களுக்கு அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், இறுதி ஊர்வலத்தில் வரிசையாக லோரிகளோடு வந்த ஆலை நண்பர்களுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு மழையில் நின்ற சிக்குவுக்கும், பொறுமையாகக் காத்திருந்த தவுக்கேவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். இறுதி ஊர்வலத்தன்று, அக்காவை ஏற்றிப்போக வந்த அமரர் ஊர்தி எங்கள் சந்துக்குள் பின்னால்தான் வர முடியும் என்றார்கள். இரண்டு பக்கமும் பந்தல் கால்கள். எல்லோரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காலையிலிருந்து அழுது என் குரல் போயிருந்தது. அத்தான் என் தோளைத் தடவிப் பிடித்துச் சொன்னார்: "நீ கூப்பிடும்மா. அக்காவுக்கு நீதான கூப்பிடணும்."

பின்னால் போய் நின்று கையை உயர்த்தினேன். "கோஸ்தான்... கோஸ்தான்..." குரல் வந்தது. வண்டி மெல்ல, மிக மெல்ல, என்னை நோக்கி வந்தது. வாசலுக்கும் வந்துவிட்டது. 'ஸ்டாப்' என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

அந்த ஓட்டுநர் அண்ணன் கண்ணாடியைப் பார்த்துத் தானாகவே நிறுத்திக்கொண்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. அவருக்கும் எங்கள் நன்றி.

அன்புத் தங்கை