கொதிக்கும் சுண்ணாம்பும் ஒரு குடம் வெள்ளமும்

போன மாதம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, என் மகள் கிரேஸின் கண்ணில் சுண்ணாம்பு தெறித்துவிட்டது.

திருவிதாங்கூரில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சபைக் கோயிலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். முற்றத்தில் குழி வெட்டி, சுட்ட சிப்பியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார்கள். புஸ்ஸென்று ஆவி... களக் களக்கென்று கொதிப்பு... பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை உண்டா? ஆளுக்கொரு கல்லை எடுத்து உள்ளே எறிந்தார்கள். ஆறு வயது கிரேஸ் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

அலறல் கேட்டு ஓடினேன். எனக்கு முன்பே ஞானம்மாள் அங்கே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், லேஸ் பின்னுகிறவர். அவர் உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்று கேட்டேன்.

“வெள்ளம் கொண்டாங்க! குடத்தோட கொண்டாங்க!”

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர்.

“அண்ணே, பிள்ளைக்கக் கையப் பிடியுங்க. கண்ணக் கசக்க விட்டுராதீங்க!”

பிடித்தேன். அவர் விரலால் இமையைப் பிரித்து, கண்ணுக்குள் ஊற்ற ஆரம்பித்தார்.

சுற்றிலும் ஒரே கூச்சல். “தாய்ப்பால் விடு!” என்றது ஒரு குரல். “எண்ண விடுட்டி, குளிரும்!” என்றது இன்னொன்று. நானும் எண்ணெய் என்றுதான் கத்தினேன்.

“ஒண்ணும் விடண்டாம்! வெள்ளம் மட்டும் போதும்!”

“அப்பா... கண்ணு தெரியல்லப்பா...” என்று கிரேஸ் துடித்தாள். ஞானம்மாள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. குடம் தீர்ந்தது, கிணற்றிலிருந்து அடுத்த குடம் வந்தது. இமைக்குள் ஒட்டியிருந்த வெள்ளைத் துணுக்குகள் ஒவ்வொன்றாக வழிந்து வெளியே வந்தன.

பிறகு வில்வண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் செம்பிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தார்.

டாக்டர் விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். “உடனே கழுவினது யார்?” என்றார். நான் கை காட்டினேன். “இல்லாவிட்டால் இந்தக் கண் வெந்து வெளுத்துப்போயிருக்கும். இனிப் பயமில்லை” என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

திரும்பும்போது, “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“எனக்க தம்பிக்கு வெத்தலச் சுண்ணாம்பு கண்ணுல தெறிச்சுது, அண்ணே. பாலு விட்டாவ, எண்ண விட்டாவ. நேரமும் போச்சு, கண்ணும் போச்சு. முதல்லயே வெள்ளம் விட்டுக் கழுவியிருக்கலாம்னு டாக்டரு பிறகு சொன்னாரு...”

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் குழிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார் அவர். சுற்றிலும் ஓலைத் தட்டி கட்டி, காவலுக்கு ஆளும் போட்டால்தான் இனிச் சுண்ணாம்பு நீற்றலாம் என்றார். கொத்தனார் முறைத்தார். சபைக் கமிட்டிப் பெரியவர் வந்துவிட்டார்.

“கிறிஸ்துமஸுக்குள்ள வேல முடியாண்டாமா, ஞானம்மா?”

“கோயிலு வெளுக்கலேன்னா ஆண்டவர் கோவிக்க மாட்டாரு, ஐயா. பிள்ளைக்கக் கண்ணு வெளுத்தா?”

தட்டி கட்டும்வரை வேலை நின்றது. அந்த இடைவேளையிலும் அவர் சும்மா இருந்தாரா? வீடு வீடாகப் போய், வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொன்னார். திருவிதாங்கூரில் அந்த டப்பி இல்லாத வீடு உண்டா?

ஆபத்தில் ஓடி வருகிறவரை நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். ஆபத்தே வராமல் வேலி கட்டச் சொல்கிறவரையோ — “தொந்தரவு பிடித்த பொம்பளை” என்கிறோம். எங்கள் ஊரிலும் சிலர் அப்படித்தான் முணுமுணுத்தார்கள். ஞானம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் கோயிலுக்குப் போனோம். பாதிச் சுவர்தான் வெள்ளை.

“அப்பா, அந்தப் பக்கம் எதுக்கு அழுக்கா கெடக்கு?” என்றாள் கிரேஸ்.

இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்!