பன்னிரண்டு மணிச் சைரன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு பிந்திவிட்டது. குசினியில் சோறும் ரெடி, குழம்பும் ரெடி. ஆனால் சைரன் அடிக்கவில்லையே!

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு தொழிற்சாலை. டிராக்டர் பெட்டியும் கலப்பையும் செய்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு அங்கே சைரன் அடித்தால் தொழிலாளர்கள் மட்டுமா சாப்பிடுவார்கள்? நாங்களும்தான்.

அதற்கு முதல்நாள்தான் அங்கே பாதிப்பேரை நிறுத்தியிருந்தார்கள். ஓடர் இல்லையாம். டிராக்டர் வாங்கவே ஆளில்லை, பெட்டியை யார் வாங்குவது? கேள்விப்பட்டதும் பாவம் என்றேன். அத்தோடு என் கடமை முடிந்தது.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் வாய்க்காலடியில் பெரிய சத்தம். மகேஸ் அக்காவும் யோகனும். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். மழையில்லாத சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். பன்னிரண்டு மணிவரை அக்காவுக்கு, பிறகு பின்னேரம்வரை யோகனுக்கு. அன்று மூன்று மணியாகியும் அக்கா மடையைத் திருப்பவில்லை.

யோகன் அந்தத் தொழிற்சாலையில் வெல்டர். நிறுத்தப்பட்டவர்களில் ஒருவன். சம்பளம் போனபிறகு வீட்டுக்கு மிஞ்சியிருப்பது இந்த வயல்தான். பயிரோ கதிர் தள்ளும் பருவம். இந்த முறை தவறினால் இன்னும் ஒரு கிழமை... கோபம் வராதா?

அக்காவின் கையில் போன் இருந்தது. அதில் மணி பார்த்திருக்கலாமே என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

"போன் அவரவற்ரை தம்பி. சைரன்தான் பொது" என்றார் அக்கா. முன்பு போனைப் பார்த்து மடை திருப்பினார்களாம். ஆளுக்கொரு நேரம் சொல்லி அடிபிடிவரை போனதாம். அதன்பிறகு சைரன்தான் சட்டம். "இண்டைக்கு இன்னும் அடிக்கேல்லை. நான் என்ன செய்யிறது?"

யோகன் குரலைத் தாழ்த்தினான்.

"அடிக்கிறது நான்தான் அக்கா. வெல்டிங்கோட சைரன் சுவிட்சும் என்ரை பொறுப்புத்தான். வேற ஆரும் அடிப்பினம் எண்டு நானும் வீட்டிலை பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி மடையைத் திருப்பினார். பின்னேரத்துக்குள் யோகனின் வயலில் மேல்பக்கத் துண்டு மட்டும் நனைந்தது.

ஒரு தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தால் போவது சம்பளம் மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே ஒரு நாளும் வேலை செய்யாத எத்தனை பேர் அதை நம்பி நாளை ஓட்டியிருக்கிறோம்!

இப்போதெல்லாம் தண்ணீர் முறை வரும் நாளில் பன்னிரண்டு மணிக்கு யோகனே வரம்பில் நின்று, "அக்கா, மணியாச்சு" என்று கூப்பிடுகிறான். பலமாகத்தான் கூப்பிடுகிறான்.

எங்கள் குசினிவரை கேட்பதில்லை.