ஞாயிற்றுக்கிழமை கேக்

மணிமொழிக்குச் சந்தேகம் கூடப்பிறந்த வியாதி. கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை ஒன்றில் ஜாக்கெட் துணி பிரிவில் நிற்கிறாள். சாயம் போகாது என்று முதலாளியே சத்தியம் பண்ணினாலும், ஈரக் கைக்குட்டையால் ஒருதரம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் துணியை வெட்டுவாள். பால்காரரை நம்ப மாட்டாள், பஸ் கண்டக்டரை நம்ப மாட்டாள். நம்பியது ஒரே ஆளைத்தான். கூடத் தங்கியிருக்கும் சந்திரலேகா. இருவருக்கும் கல்வராயன்மலையில் பக்கத்துப் பக்கத்து ஊர்.

அந்த வேலைக்கும் வாடகை அறைக்கும் மணிமொழி பட்ட பாடு கொஞ்சமில்லை. இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று அப்பா மாயவன் போனில் புலம்பாத நாளில்லை. மாப்பிள்ளை அமைந்தால் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு மலைக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் பெண் பார்க்க யார் வருவதாகச் சொன்னாலும், கடையில் லீவு தரமாட்டார்கள் என்று தட்டிக்கழித்துவிடுவாள்.

அப்படியிருக்க, பிறந்தநாள் கொண்டாடலாம் என்று சந்திரலேகா திடீரென்று ஆரம்பித்தாள்.

"செவ்வாக்கிழமதானடி பொறந்தநாளு? ஞாயித்துக்கிழமையே இன்னாத்துக்கு கேக்கு?"

"அன்னிக்குதான் உனக்கு லீவு."

"பட்டுப்பொடவ எதுக்குக் கட்டச் சொல்ற?"

"போட்டோல நல்லா இருக்கும்டி. எல்லாத்துக்கும் கேள்வி கேட்டுக்கினு!"

சந்திரலேகா சொன்னதால் கட்டிக்கொண்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் கட்டியிருக்க மாட்டாள்.

பேக்கரி மாடியில் இவர்கள் இரண்டு பேருக்கு மூன்று நாற்காலி. மூன்றாவது யாருக்கு என்று கேட்பதற்குள் ஒருவர் படியேறி வந்தார்.

"எங்க சித்தி பையன், கலைவாணன். சும்மா இந்தப் பக்கம் வந்துச்சாம்" என்றாள் சந்திரலேகா.

சும்மா வந்தவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இருந்தார். கையில் மல்லிகைப்பூ, ஒரு பை ஆப்பிள். பிறந்தநாளுக்கு எந்த ஊரில் ஐயா பூவும் பழமும் கொண்டு வருகிறார்கள்?

கேக்கை வெட்டியாயிற்று. சந்திரலேகா தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த செல்போனைச் சரிசெய்துகொண்டே, "மொதத் துண்ட எங்க அண்ணனுக்கு ஊட்டுடி" என்றாள்.

ஊட்டினால் போட்டோ. போட்டோ ஸ்டேட்டஸில் ஏறினால் சாயங்காலத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் வேண்டாம் என்று சொல்ல வாயே இருக்காது. மணிமொழி கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்கள இன்னா சொல்லி இங்க வரச் சொன்னாங்க?"

கலைவாணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்கதான் என்னப் பாக்கணும்னு கேட்டதா..."

பாவம், அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஜக்கின் பக்கத்திலிருந்து இருமல் சத்தம் வந்தது. செல்போனை எடுத்துப் பார்த்தால் வீடியோ கால். திரையில் புதுச் சட்டையோடு அப்பா.

"நேரா கேட்டா நீ வரமாட்டியே பாப்பா. அதான் லேகா கிட்ட நாந்தான் கெஞ்சினேன்."

"இப்பவும் மாட்டேம்பா. புடிச்சா நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் வேலய வுட மாட்டேன்."

அப்பா போனை வைத்துவிட்டார். கலைவாணன் மன்னிப்புக் கேட்டார். ஆப்பிளை என்ன செய்வதென்று தெரியாமல் பூவோடு மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். மணிமொழிக்குக் கோபமெல்லாம் சந்திரலேகா மேல்தான். அப்பா மேல்கூட அவ்வளவு இல்லை.

மறுநாள் காலையில் சந்திரலேகா கேசரி கிளறிக் கொண்டுவந்து வைத்தாள்.

"நேத்து கேக்கே துன்னல நீ. இத்தயாவது துன்னுடி."

"கூட யாரு வராங்க?"

"சத்தியமா ஒருத்தரும் இல்லடி." சந்திரலேகாவுக்கு அழுகை வந்துவிட்டது.

மணிமொழி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டில் கீழ்வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் சாப்பிட உட்கார்ந்தாள்.