இரண்டு கொடிப் படகு

எங்கள் மீன்பிடிப் படகில் இரண்டு கொடிகள் இருந்தன. ஒன்று நம் மலேசியாவுடையது, மற்றொன்று பக்கத்து நாட்டுடையது. எந்த நாட்டு ரோந்துப் படகு கண்ணில் படுகிறதோ, அதற்குத் தகுந்ததைப் படகுத் தலைவர் ஏற்றுவார். அன்றைக்கு மனிதர் மாற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து நாட்டு ரோந்து வந்து ஒட்டி நின்றது. கையும் கொடியுமாகப் பிடிபட்டோம்.

அவர்கள் துறைமுகத்தில் படகைக் கட்டிப்போட்டார்கள். ஜாமீன் கட்டினால் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட வேண்டும் என்று உலகக் கடல் சட்டம் சொல்கிறதாம். ஆனால் படகின் நாடு வந்து கேட்க வேண்டும். இஷ்டத்துக்குக் கொடி மாற்றும் படகுக்கு நாடே கிடையாது என்று அதிகாரி கையை விரித்துவிட்டார்.

நம் தூதரகத்திலிருந்து ஒரு தமிழர் வந்தார். படகு போனால் போகட்டும், ஆட்களை ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் மனைவி நிறைமாதம். பிள்ளையைப் பதியும்போது நானும் நேரில் நின்றால்தான் தகப்பன் பெயர் போடுவார்கள்.

"தம்பி, ஐசி எங்க?" என்று அடையாள அட்டையைக் கேட்டார்.

"இல்லண்ணே. அப்பாவுக்குப் பிரஜைங்களோட நீல ஐசி. அம்மாவுக்கு ஒன்னுமில்ல. தோட்டத்துக் கோயில்ல தாலி கட்டுனாங்க, ரெஜிஸ்டர் பண்ணல."

"அப்ப நீ அம்மா கணக்குலதான் வருவ. ஒன்ன எந்த நாட்டு ஆளுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறது லா?"

தோட்டமே கூடிச் சாப்பிட்ட கல்யாணம், இதை அரசாங்கத்திடம் வேறு போய்ச் சொல்ல வேண்டுமா என்று அப்பா நினைத்திருப்பார். ஆத்திரமாக வந்தது. ஆனால் அவரைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை? நானும் அதே கோயிலில்தான் தாலி கட்டினேன். ஐசி இல்லாதவனுக்குப் பதிவு ஏது?

மற்றவர்கள் போய்விட்டார்கள். கொடி மாற்றிய மகராசனும் போய்விட்டார். வழக்கு முடியும்வரை படகு முழுகாமல் தண்ணீர் இறைக்க என்னை வைத்துக்கொண்டார்கள். பொருத்தமான ஜோடிதான். டீசல் நாற்றத்தில் மூச்சு முட்டியது. கரை எட்டும் தூரத்தில் இருந்தது, இறங்கினால் கைது.

ஒரு நாள் காவலாளியின் கைப்பேசியில் மனைவி அழைத்தாள்.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க. என் ஐசிய வச்சி மலேசியப் பிரஜைன்னு போட்டுட்டாங்க."

சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். "அப்பா பேரு?" என்று கேட்டேன்.

"அந்த எடத்துல விவரம் இல்லன்னு போட்டிருக்குங்க."

"விவரம் இங்க தண்ணி எறச்சிக்கிட்டு இருக்குன்னு போய்ச் சொல்லு" என்று கத்தினேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். அதற்குள் என் கணுக்கால்வரை தண்ணீர் ஏறிவிட்டது. கைப்பேசியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் பம்பைப் போட்டேன்.