அரக்கு நிறக் கார்

ஆரணியில் அரிசி மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஜெயவேல், 2005-இல் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினான். அரக்கு நிறம். கல்யாண வண்டியாக விடவேண்டும், தானே ஓட்டிக்கொண்டு பட்டு வியாபாரிகளின் தெருவுக்குள் போகவேண்டும் என்பது அவன் ஆசை. அந்தத் தெருவில் அவனுடைய அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார். ஏறி ஓட்டக் கூடாது. தீண்டாமையைச் சட்டம் ஒழித்த பிறகும் நடந்த கதை இது.

வண்டி வெயிலில் வெளுத்து, கண்ட துணியால் துடைத்த கீறல்களோடு வந்திருந்தது. சென்னையில் கார் பட்டறையில் வேலை செய்த மச்சான், கழித்துக்கட்டிய டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் தட்டு சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும். ஒரே இடத்தில் சூடேறிப் பெயின்ட்டைத் தின்றுவிடாது. ஆனால் காலனியில் வோல்டேஜ் போதாது. பக்கத்து விசைத்தறிகள் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போதுதான் மெஷினுக்கு உயிர் வரும். அதற்குள் காரைக் கழுவி, ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டி, நிழலில் நிறுத்தித் தயாராக இருப்பான். நுரைத் தட்டில் சில சொட்டு பாலிஷ் வைத்து, அழுத்தாமல், மெதுவாக நகர்த்துவான்.

"என் மூஞ்சிய என்னிக்காவது இப்பிடி உத்துப் பாத்துகினு இருந்திருக்கியா?" என்றாள் மனைவி குணசுந்தரி.

"கிட்ட வா, மெஷின் ஓடிகினுதான் கீது."

"அய்ய, தூரப் போ!"

பட்டு வியாபாரி இராஜமாணிக்கம் காரைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். மூத்த மகளின் கல்யாணத்துக்கு அதையே பேசிவிட்டார்; அவளுக்கு முகூர்த்தப் புடவையும் அரக்கு.

கல்யாணத்தன்று தெருமுனையில் அவரே வந்து கையை நீட்டினார். "சாவியக் குடு. நம்ம டிரைவர் ஓட்டுவாரு."

"நானே ஓட்றேங்க மொதலாளி."

"ஜல்தி குடுப்பா. முகூர்த்த நேரத்துல பேஜார் பண்ணாத."

கொடுத்தான். சாயங்காலம்வரை முனையிலேயே நின்றான்.

திரும்பி வந்த காரின் கூரையெங்கும், பானட்டெங்கும் மழைத்துளி காய்ந்தது போலப் புள்ளிகள். காக்கை எச்சம் என்று நினைத்து மெஷினை எடுத்தான். மெல்லியவை போயின. வெயிலில் காய்ந்து பெயின்ட்டை அரித்தவை அசையவில்லை. இன்னும் தேய்த்தால் பெயின்ட்டே போய்விடும். உள்ளே இருக்கைகளிலோ மாட்டுக் கொட்டகை நாற்றம். காக்கை காருக்குள்ளா வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

புரியவைத்தவர் இராஜமாணிக்கம்தான். வருகிற தையில் சின்ன மகளுக்குக் கல்யாணம் என்று ஆடி மாதமே காலனிக்கு வந்தார்.

"போன தபா பொம்பளைங்க கோமியம் தெளிச்சிட்டுதான் பொண்ண ஏத்துனாங்க. எனக்கு அதுலலாம் நம்பிக்கை இல்லப்பா. பெரியவங்க திருப்திக்கு. வண்டிய மட்டும் பளபளன்னு வச்சிடு."

நம்பிக்கை இல்லாதவர்! அந்தக் கோமியச் செம்பைத் தட்டிவிடக் கை வராத அவரை நல்ல மனிதர் என்று ஊர் சொல்லும்.

ஜெயவேல் மெஷினை நிறுத்தினான். "வண்டி வரும் மொதலாளி. நான்தான் ஓட்டுவேன்."

"இன்னாப்பா, கார் வாங்கிட்டா எல்லாம் மாறிடுமா?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

"உட்டுத் தள்ளு," என்றாள் குணசுந்தரி. ஆனால் அவர் விடவில்லை. திமிர் பிடித்தவன் என்று கடை கடையாகச் சொல்லிவைத்தார். ஆவணி முகூர்த்தங்கள் போயின, ஐப்பசியும் போயிற்று. ஒருவரும் கூப்பிடவில்லை. ஜெயவேல் காரைப் போளூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு மில் லாரிக்கே திரும்பினான். வாங்கியவர் இராஜமாணிக்கத்தின் சாதி.

தையில் அதே கார், அதே புள்ளிகளோடு, சின்ன மகளின் கல்யாணத்துக்குத் தெருவுக்குள் போனது. போளூர்க்காரரே ஓட்டினார். யாரும் எதையும் தெளிக்கவில்லை.