ரெண்டு கேன்காரரின் முதுகு

ரெண்டு கேன்காரர் என்று நாங்கள் கூப்பிடும் தண்ணீர்க்காரர் இதுவரை எங்கள் வீட்டு மணியை அடித்ததே இல்லை. ஒரு தண்ணீர் கேன் தோளில், இன்னொன்று கையில். அதனால் கதவை முழங்காலால்தான் இடிப்பார். திறக்கச் சற்றுத் தாமதமானால், "மெதுவா வாங்க சார், எனக்கென்ன அவசரம், பஞ்சு மூட்டைதானே வச்சிருக்கேன்!" என்பார். நாற்பது கிலோவைச் சுமந்துகொண்டு நக்கலடிக்கவும் மூச்சு மிச்சம் வைத்திருக்கும் மனிதர்.

வயது ஐம்பத்திரண்டு. குட்டையான, அகன்ற உடம்பு. எல்லாச் சட்டையிலும் வலது தோள் மட்டும் வெளுத்திருக்கும். மற்றவர்கள் ஒவ்வொன்றாகத் தூக்க, இவர் இரண்டிரண்டாகத் தூக்குவார். பெருமைக்காக இல்லை. "அஞ்சு மாடி ரெண்டு தடவ ஏற எவனால முடியும்?"

நேற்று சாயங்காலம் தோளில் சுமையில்லாமல் வந்து, நாற்காலியின் நுனியில் மெல்ல உட்கார்ந்தார். நான்கு பக்கப் படிவம் ஒன்றை என் மேஜையில் போட்டார். மறுநாள் காலை கைரோபிராக்டரைப் பார்க்கப் போகிறார். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்பவர். பள்ளிக்கூட கேன்டீனில் வேலை பார்க்கும் மனைவிதான் விசாரித்து நேரம் வாங்கியிருக்கிறார்.

"நெட்டி முறிக்க ஒரு டாக்டர். அவர் தொடுறதுக்கு முன்னாடியே நாலு பக்கம் பரீட்சை. கண்ணாடி ஒடஞ்சு கெடக்கு. நீங்க எழுதிப் பொழைக்கிறவர்தானே, எழுதுங்க."

கோபம் எல்லார் மேலும் இருந்தது. "சட்டையக் கழட்டச் சொல்வாங்களாம். ரெண்டு புதுப் பனியன் வாங்கி வச்சிருக்கா. கிழிஞ்சதோட போனா அவ மானம் போயிடுமாம். என் இடுப்பு போனா பரவால்ல." சற்று நிறுத்தினார். "கால் நகத்தக்கூட அவதான் வெட்டிவிட்டா சார். குனிய முடியல. சின்னப் புள்ள மாதிரி கால நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

வலிக்கும் இடத்தில் குறிபோட, மனித உடல் ஒன்றை வரைந்திருந்தார்கள். "இவனுக்கு மூக்கும் இல்ல, முழியும் இல்ல. நிம்மதியா நிக்கிறான்" என்றபடி அதன் இடுப்பில் விரலை வைத்து அழுத்தினார். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன்.

"பத்துன்னா?"

"தாங்கவே முடியாத வலி."

"தாங்க முடியலேன்னா நான் எப்படி இன்னிக்கு வேலைக்குப் போனேன்? ஒம்போது போடுங்க."

அடுத்த கேள்வி: வலி எப்போது, எப்படித் தொடங்கியது?

"ரெண்டு மாசம் ஆச்சு. உங்க கட்டடத்துலதான். மூணாவது மாடி திருப்பத்துல சுரீர்னு புடிச்சுது. அப்படியே படியில உக்காந்துட்டேன். மூணு பேரு என்னத் தாண்டிப் போனாங்க. ஒருத்தர் நின்னாரு. 'எங்க வீட்டுக்கு எப்பப்பா வரும்'னு கேட்டுட்டுப் போயிட்டாரு. பக்கத்துல லிஃப்ட் காலியா ஏறி எறங்குற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

லிஃப்டில் கேன் ஏற்றக்கூடாது என்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் முடிவு.

"தரை ஈரமாகுதாம். மூடி போட்ட கேன்லேர்ந்து எங்க சார் ஈரம்? என் வேர்வையா?" குரல் தாழ்ந்தது. "கூட்டத்துல யார் யார் கை தூக்கினாங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. நீங்களும்தான்."

தூக்கினேன். எல்லோரும் தூக்கியிருந்தார்கள்.

படிவத்தில் ஒரு வரி எழுதினேன்.

"படிங்க" என்றார்.

"படியேறும்போது கனம் தூக்கியதால்."

"லிஃப்ட் எங்க?"

"டாக்டருக்கு அது எதுக்குங்க?"

எழுந்துவிட்டார். வலி இழுத்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டே கத்தினார்: "முப்பது வருஷமா கனம் தூக்குறேன். கனத்தால வரல சார்! திங்கக்கிழமைக்குள்ள நிமிரலேன்னா கேன் வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. எனக்கு இருக்கிறது ஒரு முதுகு. அதப் பத்திக்கூட உங்களுக்கு உள்ளத எழுத வரலியா?"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது.

எழுதியதை அடித்தேன். லிஃப்ட் இருந்தும் அதில் ஏற்ற அனுமதிக்காததால், தினமும் ஐந்து மாடி சுமந்ததில் வந்த வலி என்று எழுதினேன். சத்தமாகப் படித்துக்காட்டினேன். "ம்" என்றார்.

மிச்சமிருந்தது கடைசி வரி மட்டும். 'படிவத்தை நிரப்பியவர் பெயர், வீட்டு எண், கையெழுத்து' என்று படித்துவிட்டு, அது கட்டாயமில்லை என்றேன்.

அவர் அந்தக் கையெழுத்துக் கோட்டுக்கு அடியில் கட்டைவிரலை ஊன்றினார். நகம் வெளுத்தது. நான் பேனாவை மறுபடி எடுக்கும்வரை அந்த விரல் அசையவே இல்லை.